நாகப்பட்டினத்திலிருந்து வரும் பெற்றோருக்குச் சிங்கப்பூரில் எவற்றைக் காட்டலாம்? மலாக்கா வரை போகலாமா?

செங்காங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் என் அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை ஆகிய மூவரும் நாகப்பட்டினத்திலிருந்து முதல்முறையாகச் சிங்கப்பூருக்கு வருகிறார்கள். இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவாக எங்களுடன் தங்கியிருப்பார்கள். எனக்கும் என் கணவருக்கும் அந்த நாட்கள் முழுவதும் விடுப்புக் கிடைக்காது என்பதால், கிடைக்கும் நாட்களை வீணாக்காமல் திட்டமிட விரும்புகிறேன்.

அப்பா பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆறு, மதகு, அணை என்றால் அவருக்கு நேரம் போவதே தெரியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் படியேறுவதும் நெடுநேரம் நிற்பதும் சிரமம். அத்தை முட்டைகூடச் சேர்க்காத சைவர். தொடக்கப்பள்ளியில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் இருவரும் உடன் வருவார்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். அப்பாவின் தந்தை, அதாவது என் தாத்தா, இளமையில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிச் சிங்கப்பூர் வந்து, துறைமுகத்தில் சில காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் வந்து இறங்கிய இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அப்பா வாய்விட்டுக் கேட்ட ஒரே விருப்பம். பயண முகவர்கள் தரும் பட்டியல்களில் யூனிவர்சல் ஸ்டுடியோஸ், மெர்லயன் சிலை, ராட்சத ராட்டினம் எல்லாம் இருக்கின்றன. இதற்கு மட்டும் வழி இல்லை. மலேசியாவின் ஜோகூர், மலாக்கா பக்கம் ஒரு நடை போய்வருவது வயதானவர்களுக்குச் சரிப்படுமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழையகரை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் அப்பாவின் விருப்பத்திலிருந்தே திட்டத்தைத் தொடங்குங்கள் என்பேன். அதை ஒழுங்காக அமைத்துவிட்டால் மற்ற இடங்களில் பாதி, போகிற வழியிலேயே வந்துவிடும்.

முதலில் ஒன்றை அவருக்கு விளக்கிவிடுவது நல்லது. தாத்தா பார்த்த கரை இன்று கரையாக இல்லை. 1960ஆம் ஆண்டில் ஏறத்தாழ 581 சதுர கிலோமீட்டராக இருந்த இந்த நாடு, கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 735 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிந்திருக்கிறது. மரீனா பே சேண்ட்ஸ் விடுதி நிற்கும் இடமும் கரையோரப் பூந்தோட்டங்கள் இருக்கும் இடமும் அன்று கப்பல்கள் நங்கூரமிட்டுக் கிடந்த கடற்பரப்பு. ஆகவே பழைய கரையிலிருந்து புதிய கரை வரை ஒரு நாளில் அவரை அழைத்துச் செல்லுங்கள். எந்தச் சுற்றுலாப் பேருந்தும் காட்டாத சிங்கப்பூர் அது.

காலை எட்டரை மணிவாக்கில் தெலுக் ஆயர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால், தெலுக் ஆயர் தெரு அருகிலேயே இருக்கிறது. 1880களில் கடல் தூர்க்கப்படும் வரை அந்தத் தெருவின் ஓரத்தில்தான் அலை அடித்தது. கடல் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதல் நன்றியைச் சொல்லக் கட்டிய வழிபாட்டு இடங்கள் அங்கே ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. நாகூர் ஆண்டவர் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டிய நாகூர் தர்கா அவற்றுள் ஒன்று. நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான கட்டடம் சிங்கப்பூரில் வேறு இருக்க முடியாது. கீழ்த்தளத்தில் ஐரோப்பியப் பாணித் தூண்களும் வளைவுகளும், அதற்கு மேலே நுண்ணிய துளைகளிட்ட கைப்பிடிச் சுவர்களும் குட்டி மாடங்களும், மூலைகளில் அடுக்கடுக்காக உயரும் மினாராக்களுமாக, அதன் முகப்பை எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குவதால், திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அதே தெருவில், கடலோடிகளைக் காக்கும் மாசூ தெய்வத்துக்கு ஹொக்கியன் சீனர்கள் 1839 முதல் 1842 வரை எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயிலும், நம்மவர்கள் குச்சுப்பள்ளி என்று அழைக்கும் அல்-அப்ரார் பள்ளிவாசலும் இருக்கின்றன. அம்மாவுக்கு ஓர் எச்சரிக்கை: அங்குள்ள கடைவீடுகளின் முன்னாலிருக்கும் ஐந்தடி நடைபாதை நிழலாக இருந்தாலும் கடைக்குக் கடை மட்டம் மாறும், எதிர்பாராத இடத்தில் ஒரு படி இறங்கும். கையைப் பிடித்தே அழைத்துச் செல்லுங்கள்.

அங்கிருந்து டாக்சியில் சில நிமிடங்களில் சவுத் பிரிட்ஜ் சாலை வந்துவிடும். 1819இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய மாரியம்மன் கோயில், அதற்கு ஓராண்டு முன்னதாகத் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இரண்டும் அருகருகே இருக்கின்றன. கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொரு மணிக்குள் தரிசனத்தை முடித்துவிடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் திறந்தவெளித் தரையில் வெறுங்காலுடன் நடக்க முடியாது.

வெயில் உச்சியில் இருக்கும் நேரத்துக்கு மேக்ஸ்வெல் சாலையில் உள்ள சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடம் பொருத்தமானது. குளிரூட்டப்பட்ட இடம், கட்டணம் இல்லை, கூட்டமும் குறைவு. நகரின் மையப்பகுதி முழுவதையும் கட்டடம் கட்டடமாகச் செதுக்கி வைத்திருக்கும் பெரிய மாதிரியின் முன்னால் அப்பாவை நிறுத்தி, காலையில் நடந்த தெலுக் ஆயர் தெரு எங்கே, இன்றைய கடல் எங்கே என்று பிள்ளைகளையே காட்டச் சொல்லுங்கள்.

தாத்தா இறங்கிய இடம் பற்றி இனிச் சொல்கிறேன். பெரிய கப்பல்கள் அணைந்த தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதிக்குள் பொதுமக்கள் நுழைய முடியாது. நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து படகில் வந்தவர்கள் இறங்கிய கிளிஃபர்ட் துறை 1933இல் திறக்கப்பட்டது. 2006இல் படகுச் சேவை அங்கிருந்து மரீனா சவுத் படகுத்துறைக்கு மாறியது என்றாலும், பழைய கட்டடத்தை ஒரு தங்குவிடுதியின் பகுதியாகக் காத்து வைத்திருக்கிறார்கள். அதன் வளைவான கூரையையும் முகப்பையும் மாலையில் பார்த்துவிட்டு, சமதளமான நீர்முகப்புப் பாதையிலேயே மெர்லயன் வரை போய்விடலாம். தனியாக மெர்லயனுக்கென்று ஒரு நாளை ஒதுக்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. வானிலை தெளிவாக இருக்கும் ஒரு நாளில் மரீனா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகில் போய்வாருங்கள். 1874 முதல் அங்கே தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. கப்பலில் நோய் கண்டால் பயணிகளை அங்கே இறக்கி, குறித்த நாட்கள் கழிந்த பிறகே நகருக்குள் விட்டார்கள்; நம் மக்கள் ஆயிரக்கணக்கில் அந்தத் தீவைக் கடந்து வந்திருக்கிறார்கள். தீவில் உணவுக்கடை கிடையாது, சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பும்போது, கடலிலிருந்து நகரம் மெல்லப் பெரிதாகிக்கொண்டு வருவதை அப்பா பார்ப்பார். துறைமுகத்தைத் தாத்தா பார்த்த திசையிலிருந்து பார்க்க இன்றைக்கு உள்ள எளிய வழி அந்தப் படகுதான்.

பூமலைநடை எழுதியது:

வணக்கம். ‘பழையகரை’ அவர்கள் சொன்ன பாதை அருமையானது. ஆனாலும் முழங்கால் வலி உள்ளவரை ஒரே நாளில் அவ்வளவு இடங்களுக்கும் அழைத்துச் செல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். அதை இரண்டு காலைப்பொழுதுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பார்க்கும் இடங்களின் எண்ணிக்கை முக்கியமில்லை. பெரியவர்கள் மறுநாளும் உற்சாகமாக எழுந்திருக்க வேண்டும். காலை பத்தரை மணி வரை வெளியில் இருந்துவிட்டு, நண்பகலைக் குளிரூட்டிய இடத்தில் கழித்து, ஐந்து மணிக்கு மேல் மறுபடி வெளியே வருவதுதான் இந்த ஊருக்கு ஏற்ற ஒழுங்கு. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும் என்பதால், ஒவ்வொரு நாளுக்கும் கூரைக்குக் கீழ் ஒரு மாற்று ஏற்பாடு வைத்திருங்கள்.

உங்கள் அப்பாவுக்காக மரீனா அணைக்கட்டை நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பரிந்துரைக்கிறேன். காவிரிக் கடைமடையில் காலமெல்லாம் தண்ணீரோடு வாழ்ந்தவர் அதைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது. ஏறக்குறைய 350 மீட்டர் அகலமுள்ள மரீனா கால்வாயின் வாயில் 2008இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணை, உள்ளே நன்னீரையும் வெளியே கடலையும் பிரித்து நிறுத்துகிறது. தீவின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நிலப்பரப்பில் பெய்யும் மழை இதன் நீர்த்தேக்கத்துக்குத்தான் வந்து சேர்கிறது. கனமழையின்போது கடல் வற்றத்தில் இருந்தால் ஒன்பது மதகுகளையும் தாழ்த்தி மிகுதி நீரை வெளியே விடுகிறார்கள். கடல் ஏற்றத்தில் இருந்தால் மதகைத் திறந்து பயனில்லை, கடல்நீர்தான் உள்ளே வரும். அப்போது ஏழு ராட்சதப் பம்புகள் நீரை இறைத்துக் கடலில் கொட்டுகின்றன. நகர மையத்தின் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் தேங்குவதை இப்படித்தான் கட்டுப்படுத்துகிறார்கள். கடைமடையில் வடிகால் பிரச்சினையைக் கையாண்டவருக்கு இதன் அருமை நொடியில் விளங்கும். கூரையின் மேலே புல்வெளிக்குச் செல்லப் படிகளுக்குப் பதிலாகச் சாய்வான பாதை இருப்பதால் அம்மாவைச் சக்கர நாற்காலியிலேயே அழைத்துச் செல்லலாம். மாலையில் பிள்ளைகள் அங்கே பட்டம் விடலாம்.

அணைக்கட்டிலிருந்து கரையோரப் பூந்தோட்டங்கள் பக்கத்திலேயே உள்ளன. மேகக் காடு எனப்படும் கண்ணாடிக் குடிலுக்கு மட்டும் நுழைவுச்சீட்டு வாங்குங்கள். உள்ளே 35 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது; மின்தூக்கியில் உச்சிக்குப் போய்ச் சரிவான பாதையில் இறங்கி வரலாம். அங்கே மரம்போல் எழுப்பிய ராட்சதக் கட்டமைப்புகளான சூப்பர் மரங்களின் ஒளிக்காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை. முதல் காட்சிக்கு அரைமணி முன்னதாகப் போனால் பெரியவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும்.

பூமலை என்று நாம் அழைக்கும் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்! 1859இல் தொடங்கிய தோட்டம், 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம். மலேசியத் தோட்டங்களுக்கு நம் மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்த ரப்பர் பயிரின் வரலாறு இங்குதான் வேர்விட்டது. மரத்தை வெட்டிச் சாய்க்காமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையை இத்தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி இங்கேதான் செம்மைப்படுத்தினார். உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

யூனிவர்சல் ஸ்டுடியோஸை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். வரிசையில் நிற்பதிலேயே அம்மாவின் நாள் கழிந்துவிடும். ஜுவெல் கட்டடத்தின் 40 மீட்டர் அருவியை விமான நிலையத்துக்கு வரும்போதோ போகும்போதோ பார்த்துக்கொள்ளலாம்.

தேக்காமுனை எழுதியது:

அத்தையின் உணவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்கா பக்கம் கவலையே இல்லை. 1924 முதல் இயங்கும் ஆனந்த பவன் போன்ற பழைய சைவ உணவகங்கள் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் இருக்கின்றன. மற்ற இடங்களில் உணவங்காடி நிலையங்களில் சீன சைவக் கடைகள் கிடைக்கும். ஆனால் அவற்றில் இறைச்சியைப் போலவே செய்த சோயா, மாவுப் பண்டங்கள் பரிமாறப்படும். அந்தத் தோற்றமே பெரியவர்கள் சிலருக்குப் பிடிக்காது, முட்டை சேர்த்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். நீண்ட நேரம் வெளியில் இருக்கும் நாட்களில் வீட்டிலிருந்தே புளிசாதம், தயிர்சாதம் எடுத்துச் செல்வது நிம்மதி.

லிட்டில் இந்தியாவுக்கு வார நாளில் போங்கள். ஞாயிறு மாலை, கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் வாரம் முழுவதும் உழைக்கும் நம் சகோதரர்கள் கூடிப் பேசும் நேரம். நடைபாதைகள் நிரம்பியிருக்கும், முழங்கால் வலியோடு நடப்பது கடினம். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தையும் வீரமாகாளியம்மன் கோயிலையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

உட்லண்ட்ஸ்காரர் எழுதியது:

மலாக்கா பற்றிக் கேட்டிருந்தீர்கள். போகலாம், அவசியம் போங்கள், ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்ப முயல வேண்டாம். சாலை வழியே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் சேரலாம். டிசம்பர் விடுமுறையிலோ சோதனைச்சாவடியிலேயே பல மணி நேரம் நிற்க நேரிடும். வெள்ளி மாலை அங்கே போவதையும் ஞாயிறு மாலை திரும்புவதையும் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். வார நாட்களில் காலையில் ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருவோரின் கூட்டமும், மாலையில் அவர்கள் வீடு திரும்பும் கூட்டமும் இருக்கும். நீங்கள் அவர்களுக்கு எதிர்த்திசையில், காலையில் போய் மறுநாள் மாலை திரும்பினால் பயணம் இலகுவாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா, திரும்பி வரும் நாளிலும் செல்லுபடியாகுமா என்று பாருங்கள். மலேசியா இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் முதல் விசா விலக்கு அளித்து வருகிறது. பயணத் தேதிக்கு அது பொருந்துமா என்பதை அதிகாரபூர்வ இணையத்தளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரு நாடுகளுக்கும் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம், இதற்குக் கட்டணம் கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் அதை மூடிவிடுங்கள்.

சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலத்தைக் கடக்கும்போது அப்பாவை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். 1924இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய அந்தப் பாலத்தை ஒட்டிப் பெரிய தண்ணீர்க் குழாய்கள் ஓடுவதைப் பார்ப்பார். ஜோகூர் ஆற்று நீர் அவற்றின் வழியாகத்தான் நமக்கு வருகிறது. 1962இல் செய்துகொண்ட ஒப்பந்தம் 2061 வரை நடப்பில் இருக்கும்.

மலாக்காவில் டச்சுச் சதுக்கத்தையும் செஞ்சுவர்க் கட்டடங்களையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பொற்கொல்லர் தெருவுக்குப் போங்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது; சுவாமி கும்பிட்டுவிட்டுச் சிறிது தூரம் நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் வந்துவிடும். விநாயகர் கோயிலைப் பராமரித்து வருபவர்கள் மலாக்கா செட்டிகள். மலாக்கா சுல்தான்களின் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, மலாய் மொழி பேசும் சமூகமாகிவிட்டவர்கள். ஆனாலும் பிள்ளையாரையும் மாரியம்மனையும் பொங்கலையும் இத்தனை நூற்றாண்டுகளாக விடாமல் வைத்திருக்கிறார்கள். காஜா பெராங் பகுதியில் உள்ள அவர்களுடைய குடியிருப்பையும் சிறிய அரும்பொருளகத்தையும் அத்தை பார்த்தால், ஊருக்குப் போய் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார்.

இரவு தங்க முடியாதென்றால் மலாக்காவை விட்டுவிட்டு, ஜோகூர் பாருவில் உள்ள ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவர், தூண், விதானம் எல்லாவற்றிலும் கண்ணாடித் துண்டுகள் பதித்த கோயில். எல்லையிலிருந்து தூரமும் இல்லை. அரைநாளில் வந்துவிடலாம்.

செங்காங்வாசி எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தெலுக் ஆயர் நடையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறோம். அணைக்கட்டு பற்றி நேற்று அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். மதகு எப்படித் திறக்கும், மேலே தூக்குவார்களா, கீழே தாழ்த்துவார்களா என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். மலாக்காவில் ஓர் இரவு தங்குவதாக முடிவு செய்திருக்கிறோம்.

பிள்ளைகளுக்காக இன்னும் ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. பறவையும் விலங்கும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். உபின் தீவு, சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் இரண்டில் ஒன்றுக்குத்தான் நாள் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

சதுப்புநிலன் எழுதியது:

அம்மாவும் உடன் வருவதாக இருந்தால் சுங்கை பூலோவைத் தேர்ந்தெடுங்கள். உபினுக்குச் சாங்கி முனையில் ஏறும் படகு சிறியது; அலையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே கால் வைத்து ஏறி இறங்க வேண்டும். 12 பயணிகள் சேர்ந்தால்தான் புறப்படும். அங்கே செக் ஜாவா சதுப்புநிலத்தின் சிறப்பே கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில்தான் தெரியும். நட்சத்திர மீனும் நண்டும் கடற்புல்லும் வெளிப்படும் அந்த நேரம் உங்கள் விடுப்பு நாளில் பகலில் அமைய வேண்டும். 2001இல் தூர்க்கப்படவிருந்த இடம், பொதுமக்களும் இயற்கை ஆர்வலர்களும் எடுத்துச்சொன்னதால் பிழைத்தது என்பதற்காகவே எனக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு. ஆனாலும் இம்முறை அது வேண்டாம். பிள்ளைகளை வேறொரு நாள் நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

சுங்கை பூலோவில் செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும். சைபீரியா வரையிலான வட நிலங்களிலிருந்து வரும் உள்ளான்களும் கோட்டான் எனப்படும் நீள அலகுக் கரைப்பறவைகளும் இளைப்பாறும் இடம் அது. கோடியக்கரைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் உங்கள் பெற்றோருக்குச் சில பறவைகளை அடையாளம் தெரிந்தாலும் தெரியும். செக் ஜாவாவுக்கு நேர்மாறாக, இங்கே கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போக வேண்டும். வெளியே சேற்றுப்பரப்பு மூழ்கிவிடுவதால் பறவைகள் உள்ளே குளக்கரைகளுக்கு வந்து கூட்டமாக உட்காரும், மறைவுக் குடில்களில் அமர்ந்தபடியே பார்க்கலாம். பாதை பெரும்பாலும் சமதளம். முதலைகள் நடமாடும் இடம் என்பதால் பிள்ளைகள் பாதையை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாலத்தின் மேல் நின்று அவர்களே நீரில் தேடட்டும்.

போக நினைக்கும் வாரத்தில் கடலின் ஏற்ற வற்ற நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்து, காலை ஒன்பது மணியை ஒட்டி ஏற்றம் உச்சத்துக்கு வரும் நாளாகத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக அங்கே இருங்கள். கொசு மருந்து, தொப்பி, தண்ணீர் மூன்றையும் மறக்க வேண்டாம். கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து டாக்சியில் போவதே அம்மாவுக்கு வசதி. திரும்பும்போது அங்கே டாக்சி எளிதில் கிடைக்காது, கிளம்புவதற்குக் கால்மணி நேரம் முன்பே கைப்பேசிச் செயலியில் பதிவு செய்துவிடுங்கள்.